கும்புறுப்பிட்டியில தனியாக் கரை ஏறின ஓங்கில்: ஒரு நிகழ்வு ஆய்வு

வளர்ந்த ஆண் ஸ்பின்னர் ஓங்கில் (டொல்பின்), நீளம் 1.8 மீற்றர் அளவு. சித்திரை மாசக் கடைசியில திருகோணமலையில இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி கும்புறுப்பிட்டிப் பக்கக் கரையில உயிரோட தனியா ஏறினது, அண்டைக்கு மத்தியானமே செத்தது, செத்த கையோட வனஜீவராசிகள் உத்தியோகத்தர் பக்கத்தில நிக்க கரையிலயே வெட்டிப் பாத்தம். என்ன நோய் எண்டு இண்டைக்கு வரைக்கும் உறுதியா சொல்ல ஏலாம இருக்கு, அதை முதலே சொல்லிப் போடுறன். ஆனா எந்தெந்த நோயா இருக்கலாம், எது இல்ல எண்டு சொல்ற அளவுக்கு கையில சாமான் இருக்கு, அந்தச் சாமானை அண்டைக்கு எடுத்து வைச்சதாலதான் இந்தக் கேஸ் இன்னும் மூடாம இருக்கு, நான் இதை எழுதுறதும் அதுக்காகத்தான்.

நான் கால்நடை வைத்தியர். என்ட வேலை முழுக்க மாடு, எருமை, ஆடு, கோழி, கிண்ணியா மூதூர் பக்கம் பட்டி பட்டியாத் திரிஞ்ச ஆள். பக்கத்தில வேற ஆள் இல்லாததால என்னைக் கூப்பிட்டாங்க. மாட்டு வைத்தியம் தெரிஞ்சது அண்டைக்கு எவ்வளவு உதவினது எண்டு கீழ வரும்.

வரலாறு

முதல் கண்டது விடியக்காலமை வலை எடுக்கப் போன ஆக்கள். முழங்கால் தண்ணியில கிடந்து ஒரு பக்கமா சரிஞ்சு சரிஞ்சு வட்டம் போட்டுக்கொண்டு இருந்ததாம். பொடியன்கள் பாவம் எண்டு ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறாங்க, திரும்பி வந்திட்டுது, பிறகும் விட்டிருக்கிறாங்க, பிறகும் வந்திட்டுது. நான் போன நேரம் ஒரு பெரியவர், வயசுக்கும் கடலில நிண்ட மனுசன், என்னட்டச் சொன்ன கதை இதுதான்: "சேர், இது வழி தப்பி வந்த சாமான் இல்ல. கூட்டத்தோட ஓடுற சாதி தனிய வந்து கரையில படுக்குதெண்டா அதுக்குள்ள ஏதோ வருத்தம் இருக்கு, தள்ளித் தள்ளி விட்டு என்ன செய்ய?" நானும் அதையேதான் நினைச்சன். ஸ்பின்னர் எங்கட கடலில ஆகக் கூடுதலாக் காணுற ஓங்கில் வகை, நூத்துக்கணக்கில கூட்டமாப் போகும், சீசனுக்கு நிலாவெளியில இருந்து போட்டில போற சுற்றுலாக்காரரெல்லாம் துள்ளிச் சுழலுறதப் பாத்திருப்பாங்க. அதில ஒண்டு தனிய வந்து கிடந்தா சும்மா இல்ல.

கூடி நிண்ட ஆக்களில பாதிப் பேர் "டைனமைட் போட்டிருப்பாங்க, காது வெடிச்சிருக்கும்" எண்டு சொன்னாங்க. அதையும் தள்ளி வைக்க ஏலாது, டைனமைட் மீன்பிடி எங்கட பக்கத்தில இல்லாத விசயம் இல்ல. வலையில மாட்டினதோ எண்டும் பாக்கவேணும். ரெண்டையும் மனசில வைச்சுக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினன்.

உயிரோட பாத்தது

மூச்சுதான் முதல். சுகமான ஓங்கில் ஆறுதலா இருக்கிற நேரம் நிமிசத்துக்கு ரெண்டு மூண்டு தரம்தான் மூச்செடுக்கும், இது விடாம இழுத்துக்கொண்டு இருந்தது, ஒவ்வொரு மூச்சோடயும் அழுகின நாத்தம். தலைக்குப் பின்னால கழுத்துப் பக்கம் குழி விழுந்திருந்தது, ஓங்கில் மெலிஞ்சதை அதில பாத்தே சொல்லலாம், நல்லாத் திண்டு கொழுத்த ஓங்கிலுக்கு அந்த இடம் உருண்டு மேடா இருக்கும். வாய்க்குள்ள நாக்கு ஓரத்திலயும் ஈறிலயும் புண். உடம்பில வலை அறுத்த தழும்பு எதுவும் இல்ல, மூக்கிலயும் இல்ல செட்டையிலயும் இல்ல. முதுகுச் செட்டையின்ட பின்விளிம்பில கறுப்பாத் தொங்குற கொட்டலசு கொத்தாப் பிடிச்சிருந்தது, செனோபலானஸ் எண்டு பேர், அது ஓங்கில் திமிங்கிலத்தில மட்டும்தான் ஒட்டும். மெதுவா நீந்துற, நோய்ப்பட்ட ஓங்கிலில அது கூடுதலாப் பிடிக்கிறத மத்தியதரைக் கடலில கொள்ளைநோய் வந்த நேரம் கவனிச்சு எழுதியிருக்கிறாங்க. அப்ப இது நேத்து முந்தநாள் வந்த வருத்தம் இல்ல, கன நாளா இழுத்திருக்கு.

கண்ணுக்கு முன்னால கை ஆட்டினா ஒரு பக்கம் கவனிச்சுது, மற்றப் பக்கம் பெரிசாக் கவனிக்கேல்ல. அடிக்கடி உடம்பு விறைச்சு நடுங்கினது. மூளையில பிரச்சினை எண்டு அந்த இடத்திலயே எனக்கு ஒரு எண்ணம் வந்திட்டுது.

கடலுக்குத் திரும்ப விடுறதா, கருணைக்கொலை செய்யிறதா எண்டு உத்தியோகத்தரோட கதைச்சுக்கொண்டு இருந்தம். மாட்டுக்கு வைச்சிருக்கிற மருந்தை அளவு கூட்டிப் போடலாம் எண்டு சொல்லுறது லேசு, ஆனா அந்த மருந்து உடம்பில நிண்டா அந்தச் சவத்தைத் திண்ட நாய், கழுகு எல்லாத்துக்கும் ஆபத்து. நனைச்ச சாரம் போட்டு நிழல் பிடிச்சம், ஊதுதுளைக்குள்ள தண்ணி போகாமப் பாத்தம், ஆக்களை எட்ட நிக்கச் சொன்னம். ஒரு பொடியன் ஊதுதுளைக்குக் கிட்ட முகத்தை வைச்சு செல்பி எடுக்கப் போக பெரியவர் ஏசி விலக்கினார், நல்ல வேலை செய்தார், அந்த மூச்சுதான் ஆக மோசமான சாமான். நாங்க முடிவெடுக்க முதலே அது செத்திட்டுது.

வெட்டிப் பாத்தது

செத்த உடனயே தொடங்கினதுதான் இந்தக் கேஸின்ட பெறுமதி. கரை ஒதுங்குற கடல் பாலூட்டிகளை உலகம் முழுக்க 1 இருந்து 5 வரைக்கும் தரம் பிரிப்பாங்க, 1 உயிரோட இருக்கிறது, 2 இப்பதான் செத்தது, 3 அழுகத் தொடங்கினது, 4 நல்லா அழுகினது, 5 காஞ்ச தோலும் எலும்பும். வைரஸ் தேடுறதெண்டா 2 தான் வேணும், 3 எண்டாத் தட்டுத்தடுமாறிப் பாக்கலாம், அதுக்குப் பிறகு ஆசைப்பட்டு வேலையில்ல. எங்கட வெயிலுக்கு 2 இருந்து 3 ஆகிறது மணித்தியாலக் கணக்கு. ஓங்கிலுக்கு தோலுக்குக் கீழ தடிச்ச கொழுப்பு இருக்கிறதால சூடு வெளியில போகாது, வெளியில பாக்க புதுசு மாதிரிக் கிடக்கும், உள்ளுக்க ஈரல் கரைஞ்சு போயிருக்கும்.

காதுப் பக்கத்தையும் கீழ்த்தாடைக் கொழுப்பையும் முதல் பாத்தன், இரத்தம் உறைஞ்ச அடையாளம் எதுவும் இல்ல, எலும்பு உடையேல்ல. வெடியால செத்ததுக்கு என்ட கண்ணுக்கு ஒரு சான்றும் கிடைக்கேல்ல. இரைப்பை வெறுமை, கணவாயின்ட சொண்டு கொஞ்சம் மட்டும், பிளாஸ்டிக் இல்ல.

நுரையீரல்தான் கனக்கக் கதை சொன்னது. நெஞ்சைத் திறந்தா நல்ல நுரையீரல் சுருங்கி விழவேணும், இது விழேல்ல, விலா எலும்பு பதிஞ்ச தடத்தோட அப்படியே நிண்டது. கருஞ்சிவப்பா கெட்டியான திட்டுத் திட்டு, வெட்டினா நுரை, மூச்சுக்குழாய் வழிய நூல் மாதிரிப் புழு. ஓங்கிலுக்கு நுரையீரல் புழு புதுமை இல்ல, சுகமானதிலயும் கிடக்கும், அதால புழுவைக் கண்ட உடன "இதுதான் காரணம்" எண்டு மூடிப்போட்டு எழும்ப ஏலாது. நெஞ்சுக்குள்ள இருந்த நிணநீர்க் கணுக்கள் வீங்கி, சிலது வெட்டினா ஈரலிப்பா, சிலது உள்ளுக்க வெறுமையான மாதிரி. மண்டையைத் திறக்கக் கத்தி காணாது, வாள் எடுத்து நல்லாக் கஷ்டப்பட்டம். மூளையைச் சுத்தின சவ்வு மங்கிப்போய் இரத்தக்குழாய்கள் புடைச்சிருந்தது. தலையில இருக்கிற காற்றறைகளில தட்டைப்புழு இருக்கும், நாசிட்ரீமா எண்டு சொல்லுவாங்க, அது சில நேரம் மூளைக்குள்ளயே ஏறி ஓங்கிலை வட்டம் போட வைக்கும். அதைத் தேடித் தேடிப் பாத்தன். காற்றறையில கொஞ்சம் இருந்தது, மூளையில புழுவோ அது போன பாதையோ கண்ணுக்குத் தெரியேல்ல.

எடுத்த துண்டுகள்: நுரையீரல், நிணநீர்க்கணு, மண்ணீரல், ஈரல், சிறுநீரகம், விதை, மூளையில பல இடம். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல தடிப்பில்லாம வெட்டி, துண்டின்ட அளவைப் போல பத்து மடங்கு போமலினுக்க போட்டம். அதே உறுப்புகளில இன்னொரு தொகுதி போமலின் இல்லாம, சின்னக் குப்பியில, ரெஜிபோம் பெட்டிக்குள்ள ஐஸில. போமலின் துண்டு திசு பாக்க. ஐஸ் துண்டு வைரஸும் பக்டீரியாவும் தேட. ரெண்டும் வேணும், ஒண்டு மற்றதுக்கு ஈடாகாது.

திசு அறிக்கை என்ன சொன்னது

நுரையீரலில புழுவைச் சுத்தின அழற்சியும் அதுக்கு மேல பக்டீரியாத் தொற்றும். நிணநீர்க்கணுவில வெள்ளணுக்கள் குறைஞ்சு போயிருக்கு. மூளையிலயும் மூளைச் சவ்விலயும் சீழ் இல்லாத அழற்சி. அறிக்கையில முக்கியமான வரி அந்தக் கடைசி வரி, ஏனெண்டால் சாதாரணச் சீழ் பக்டீரியா எண்டால் மூளையில சீழ் இருக்கவேணும். சீழில்லாத மூளை அழற்சி எண்டா ஓங்கிலில நான் முதல் எழுதுற மூண்டு பேர்: மோர்பிலி வைரஸ், புருசெல்லா எண்ட பக்டீரியா, டொக்ஸோபிளாஸ்மா எண்ட ஒட்டுண்ணி. வெட்டின துண்டில டொக்ஸோபிளாஸ்மாக் கூடுகள் காணேல்ல எண்டு எழுதியிருந்தாங்க, அது இல்லவே இல்ல எண்டு அர்த்தமில்ல, ஆனா அதைப் பட்டியலில கீழ இறக்கலாம். மிஞ்சினது ரெண்டு.

மோர்பிலி வைரஸ், திருகோணமலை ஆக்களுக்குத் தெரிஞ்ச குடும்பம்

மனுசருக்கு வாற சின்னமுத்து, நாய்க்கு வாற டிஸ்டெம்பர், ஆட்டுக்கு வாற பிபிஆர், மாட்டுக்கு வந்த ரிண்டர்பெஸ்ட், எல்லாம் மோர்பிலி வைரஸ் எண்ட ஒரே சாதி. ஓங்கிலுக்கும் திமிங்கிலத்துக்கும் வாறது அதில இன்னொண்டு. ரிண்டர்பெஸ்ட்டை எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்ல. 1987 இல இந்திய அமைதிப்படைக்கு இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகளோட அது தீவுக்குள்ள திரும்பி வந்து கிழக்கிலயும் வடக்கிலயும் மாட்டுப் பட்டிகளை அழிச்சுப்போட்டுது, வாய் முழுக்கப் புண், கண்ணால தண்ணி, கழிச்சல், பட்டியோட விழுந்த மாடுகளைப் பற்றி மூதூர்ப் பக்கத்துப் பெரிய ஆக்கள் இண்டைக்கும் கதைப்பாங்க. 2011 இல உலகத்தில இருந்தே ஒழிஞ்சதா அறிவிச்சாங்க, மனுசருக்கு வந்த பெரியம்மைக்குப் பிறகு அப்படி ஒழிச்ச ரெண்டாவது நோய் அது. மாட்டு வைத்தியராப் படிச்ச எனக்கு அந்த ஓங்கிலின்ட வாய்ப்புண்ணையும் கெட்டியான நுரையீரலையும் வெறுமையான நிணநீர்க்கணுவையும் ஒண்டாக் கண்ட உடன மனசில வந்தது இந்தக் குடும்பம்தான்.

இந்த வைரஸ் வேலை செய்யிற விதம் இதுதான்: ஓங்கில்கள் பக்கத்தில பக்கத்தில எழும்பி மூச்சு விடும், ஒண்டின்ட மூச்சை மற்றது இழுக்கும், அப்படித்தான் தொத்தும். உள்ள போன உடன வெள்ளணுக்களுக்கு மேல இருக்கிற ஸ்லாம் எண்ட ஏற்பியில பிடிச்சு நோயெதிர்ப்புச் சக்தியைத்தான் முதல் சாப்பிடும். வைரஸை உடம்பு துரத்தினாலும் பாதுகாப்பு இல்லாம நிக்கிற உடம்பில பூஞ்சணம், பக்டீரியா, புழு, டொக்ஸோபிளாஸ்மா எல்லாம் புகுந்து கொல்லும். அதாலதான் வெட்டிப் பாக்கிறவர் கண்ணில படுறது பிறகு வந்த நோய், முதல் வந்தது ஒளிஞ்சிரும். இன்னொரு வடிவம் இருக்கு, அதை ஸ்பெயின் கரையில கோடு போட்ட ஓங்கில்களில கண்டு எழுதினாங்க: கொள்ளைநோயில தப்பின ஓங்கிலின்ட உடம்பு முழுக்க வைரஸ் இல்லாம, மூளையில மட்டும் அது மிஞ்சி, கனகாலம் கழிச்சு ஓங்கில் மெலிஞ்சு கரை ஏறும். சின்னமுத்து வந்த பிள்ளைகளில ஆயிரத்தில ஒண்டுக்குக் கூட இல்லாத அளவுக்கு அரிதா வருசங்கள் கழிச்சு வாற மூளை அழற்சியும் இப்படித்தான். அந்த வடிவம் எண்டா நுரையீரலை மட்டும் அனுப்பினா சோதனை நெகட்டிவ் எண்டுதான் வரும். மண்டையைத் திறக்கப் பஞ்சிப்படக் கூடாது எண்டு நான் சொல்லுறது இதுக்குத்தான்.

1987 அமெரிக்கக் கரையில நடந்தது

எங்கட பக்கம் மாடு செத்த அதே வருசம், 1987 ஆனியில, அமெரிக்காவின்ட நியூ ஜேர்சிக் கரையில போத்தல்மூக்கு ஓங்கில்கள் செத்து ஒதுங்கத் தொடங்கினது. அது அப்படியே தெற்கால இறங்கி 1988 இல புளோரிடாவில போய் நிண்டுது. ஒதுங்கினது மட்டும் 740 க்கு மேல. ஜோசப் ஜெராசி தலைமையில பெரிய குழு ஒண்டு ஆராய்ஞ்சு 1989 இல அறிக்கை குடுத்தது, சில ஓங்கிலின்ட ஈரலில, கடல் தண்ணி சிவப்பாகிற பாசிப் பெருக்கத்தில வாற விசம், பிரெவெடொக்ஸின், கிடைச்சதால அதுதான் மூலகாரணமா இருக்கவேணும் எண்டு எழுதினாங்க. அந்த நேரம் ஓங்கிலுக்கு மோர்பிலி வைரஸ் வரும் எண்டே ஆக்களுக்குத் தெரியாது, அயர்லாந்துக் கரையில ஒதுங்கின போர்பொயிஸில (ஓங்கிலின்ட சொந்தக்காரச் சின்னச் சாதி) அதை முதல் கண்டது 1988 இல. அதே 1988 இல வடகடலில 18,000 அளவு கடல்நாய் அதின்ட சொந்தக்கார வைரஸால செத்தது. 1990 ஆடியில ஸ்பெயினின்ட வலன்சியாவுக்குக் கிட்ட தொடங்கி மத்தியதரைக் கடல் முழுக்க கோடு போட்ட ஓங்கில் ஆயிரக்கணக்கில அழிஞ்சது, அங்க செத்ததுகளின்ட கொழுப்பில பிசிபி எண்ட தொழிற்சாலை நஞ்சு கூடுதலா இருந்ததையும் கண்டாங்க, நஞ்சு எதிர்ப்புச் சக்தியை இறக்கி வைரஸுக்கு வழி விட்டிருக்கலாம்.

அதுக்குப் பிறகுதான் ஆக்கள் திரும்பிப் பாத்தது. 1987-88 இல செத்த ஓங்கில்களின்ட நுரையீரலும் நிணநீர்க்கணுவும் போமலினில போட்டு மெழுகுக் கட்டியாக்கி அலுமாரியில கிடந்தது. 79 ஓங்கிலின்ட கட்டியைத் திரும்ப வெட்டி மோர்பிலி வைரஸுக்குச் சாயம் போட்டுப் பாக்க 42 இல கிடைச்சது. 1994 இல அது வெளிவந்தது, அடுத்த வருசமே பிசிஆராலயும் உறுதியாச்சு. பாசி விசம் எண்டு முடிச்ச கேஸ் வைரஸ் கேஸா மாறினது. யாரோ முகம் தெரியாத ஆக்கள் நாத்தத்துக்கும் வெயிலுக்கும் நிண்டு ஒரு துண்டை வெட்டிப் போத்தலில போட்டு, பேர் எழுதி ஒட்டி வைச்சதால. எனக்கு இந்த வரலாற்றில ஆக மனசில நிண்டது அந்த ஆக்கள்தான். 2013 இல அதே கரையில திரும்ப வந்தது, 2015 வரைக்கும் 1,600 க்கு மேல ஒதுங்கினது, இந்தத் தரம் கிழமைக்கணக்கில காரணத்தைச் சொல்லிட்டாங்க. நடுவில கிட்டத்தட்ட 25 வருசம், முதல் தரம் நோய் கண்டு எதிர்ப்புச் சக்தி எடுத்த ஓங்கில்கள் குறைஞ்சு, ஒண்டும் தெரியாத புதுத் தலைமுறை வந்தாப் பிறகு.

"அதெல்லாம் அத்லாந்திக், எங்களுக்கென்ன" எண்டு கேக்கலாம். இந்து சமுத்திரத்தின்ட மற்றக் கரையில, மேற்கு அவுஸ்திரேலியாவின்ட பேர்த் நகரத்து ஆற்றில, 2009 இல செத்த ஓங்கில்களில ஒண்டில இதே வைரஸ் குடும்பத்தைக் கண்டிருக்கிறாங்க. 2014 புரட்டாதியில இத்தாலியின்ட வாஸ்ட்டோக் கரையில 7 ஸ்பேர்ம் திமிங்கிலம் ஏறினது, 4 ஐத் திரும்ப அனுப்பினாங்க, செத்த 3 ஐயும் வெட்டிப் பாக்க மோர்பிலி வைரஸ். ஸ்பேர்ம் திமிங்கிலம் எங்கட கடலின்ட ஆள். திருகோணமலைக் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையில நிண்டு பாத்தா ஊதுறது தெரியிற அளவுக்கு கரைக்குக் கிட்ட வரும், துறைமுக வாயிலயே கடலடிப் பள்ளத்தாக்குத் தொடங்கி ஆழம் இறங்குறதால. நீலத் திமிங்கிலமும் அப்படித்தான், 1980 களின்ட தொடக்கத்திலயே டியூலிப் எண்ட ஆராய்ச்சிப் படகில வந்தவங்க இங்க அதுகளைப் பாத்து எழுதி வைச்சாங்க. இவ்வளவு சாமான் ஓடுற கடலில செத்து ஒதுங்கினதை நாங்க பெரும்பாலும் குழி வெட்டித் தாட்டுப்போட்டு வாறம்.

புருசெல்லா, ஆக்களுக்கான பகுதி

ஓங்கில் புருசெல்லாவை உலகத்துக்கு முதல் சொன்னது 1994, ஸ்கொட்லாந்துக் கரையில ஒதுங்கினதுகளில இருந்தும், கலிபோர்னியாவில குட்டி சிதைஞ்ச ஓங்கிலில இருந்தும். பிறகு கோடு போட்ட ஓங்கிலில மூளை அழற்சியும் இதால எண்டு தெரிஞ்சது, வட்டம் போட்டு, நடுங்கி, கரை ஏறுற அதே அறிகுறி. மாடு எருமை வைச்சிருக்கிறவங்களுக்கு புருசெல்லா தெரியும், மாடு கன்று வீசும், காய்ச்சாத பால் குடிச்சவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். கடல் புருசெல்லாவும் மனுசருக்குத் தொத்தும், பிரித்தானியாவில ஆய்வுகூடத்தில இதோட வேலை செய்த ஒருத்தருக்குத் தொத்தி தலையிடி, களைப்பு, மூக்கடைப்பு எண்டு கிடந்ததை 1999 இல பதிஞ்சிருக்கிறாங்க.

மோர்பிலி வைரஸ் ஓங்கிலில இருந்து மனுசருக்குத் தொத்தினதா ஒரு பதிவும் இல்ல, அந்தப் பயம் வேண்டாம். ஆனா கரையில கிடக்கிற ஓங்கிலுக்கு என்ன நோய் எண்டு அதின்ட நெத்தியில எழுதி ஒட்டியிருக்காது. வெறுங்கையால தொடாதேங்க, காயம் உள்ள கையெண்டா கிட்டவே போகாதேங்க, மீன் வெட்டுற ஆக்களின்ட விரலில வீங்கிச் சிவக்கிற எரிசிபெலாய்ட் புண்ணைத் தாற கிருமி ஓங்கிலையும் கொல்லுற கிருமிதான். வயித்தில பிள்ளை உள்ள பெண்கள் கட்டாயம் எட்ட நிக்கவேணும். ஊர் நாய் திங்க விடக்கூடாது. சில இடங்களில ஓங்கில் இறைச்சியை சுறாவுக்குத் தூண்டில் இரையா வெட்டிக்கொண்டு போறதும், வீட்டுக்கு எடுக்கிறதும் நடக்குது எண்டு எனக்குத் தெரியும், சட்டம் இருக்கு எண்டதை விட்டாலும், நோயில செத்த மாட்டைத் தின்னாத ஊர் நோயில செத்த ஓங்கிலை ஏன் தின்னவேணும்?

பறவைக் காய்ச்சல் எச்5என்1 ஐயும் இப்ப சேத்து யோசிக்கவேணும், 2023 இல ஆர்ஜென்டினாவின்ட வால்டேஸ் குடாநாட்டில கடல்யானைக் குட்டிகள் 17,000 அளவு செத்தது அதாலதான். இந்த ஓங்கிலின்ட படம் அதுக்கு அவ்வளவு பொருந்தேல்ல, மெலிவும் கொட்டலசும் கன நாள் வருத்தத்தைக் காட்டுது. ஆனாலும் ஐஸ் துண்டு அனுப்பின பட்டியலில அதையும் எழுதினன்.

தனியா வந்ததும் கூட்டமா வந்ததும்

இதை ஏன் பிரிச்சுச் சொல்லுறன் எண்டால், 2017 மே கடைசியில சம்பூரில பைலட் திமிங்கிலம் கிட்டத்தட்ட 20 கரை ஏறின நேரம் ஊர் ஆக்களும் கடற்படையும் சேந்து தள்ளி விட்டாங்க. 2020 கார்த்திகையில பாணந்துறையில 100 க்கு மேல வந்தது, அதிலயும் ஒரு சிலதைத் தவிர மற்றதெல்லாம் இராவிராவாத் தள்ளிக் காப்பாத்தினாங்க. அந்தச் சனத்தின்ட உழைப்பைப் பாத்து நான் கண்கலங்கினன். பைலட் திமிங்கிலம் ஒண்டை ஒண்டு விட்டுப் போகாத சாதி, முன்னுக்குப் போறது வழி தப்பினா மற்றதும் பின்னால வரும், கூட்டத்தில பெரும்பகுதி சுகமாத்தான் இருக்கும், தள்ளுறது சரி. தனியா, மெலிஞ்சு, வட்டம் போட்டு வாற ஓங்கிலைத் தள்ளி விடுறது அதுக்கு வேதனையை நீட்டுறது, கூட்டத்தோட போய்ச் சேந்தா மூச்சால மற்றதுக்கும் குடுக்கும். இத்தாலியில நடந்த மாதிரி கூட்டமா வந்ததுக்குள்ளயும் நோய் இருக்கலாம், அதால கூட்டத்தில செத்ததையும் வெட்டிப் பாக்காமப் புதைக்கக் கூடாது.

இப்ப எந்த நிலையில

ஐஸில போன துண்டுகளில புருசெல்லா வளரேல்ல. அது லேசில வளருற கிருமி இல்ல, கிழமைக்கணக்கா எடுக்கும், அதால வளராததை வைச்சு இல்ல எண்டு சத்தியம் பண்ண மாட்டன். வைரஸ் ஆர்என்ஏ தேட வேண்டிய துண்டு சாதாரண டீப் ஃப்ரீசரில கன நாள் கிடந்தது, அதுக்கு மைனஸ் 80 வேணும், மைனஸ் 20 இல கிடந்து கிடந்து ஆர்என்ஏ உடையும். மிஞ்சியிருக்கிறது மெழுகுக் கட்டிகள். அது கெடாது. வைரஸுக்குச் சாயம் போட்டுப் பாக்கிற சோதனையும் பிசிஆரும் அதில செய்ய ஒழுங்கு பண்ணிக்கொண்டு இருக்கிறம், மூளைக் கட்டி முதல், நிணநீர்க்கணு ரெண்டாவது, நுரையீரல் மூண்டாவது எண்ட வரிசையில.

என்ட கணிப்பைக் கேட்டா: ஒண்டாவது மோர்பிலி வைரஸின்ட நாள்பட்ட மூளை வடிவம், ரெண்டாவது புருசெல்லா, மூண்டாவது வெட்டின துண்டில தப்பிப்போன தட்டைப்புழுவோ டொக்ஸோபிளாஸ்மாவோ. இது கணிப்புத்தான், ஆரும் இதை எடுத்து "திருகோணமலைக் கடலில மோர்பிலி வைரஸ்" எண்டு பரப்பவேண்டாம்.

கரையோரச் சங்கங்களில கேக்கிறாங்க, நாங்க என்ன செய்யலாம் எண்டு. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 எண்ட தொலைபேசி இலக்கத்தில உடன சொல்லுங்க, பின்னேரம் பாப்பம் எண்டு வைக்காம. வரும் வரைக்கும் நிழல் போடுங்க, செத்ததெண்டா நனைச்ச சாக்கால மூடுங்க. முழு உடம்பும் தெரிய பக்கவாட்டில ஒரு படம், தலை, பல்லு, செட்டை கிட்டத்தில ஒவ்வொண்டு, பக்கத்தில அளவுக்கு ஒரு துடுப்போ செருப்போ. எத்தனை மணிக்குக் கண்டது, அப்ப உயிர் இருந்ததா, எப்படி நீந்தினது எண்டு கண்டவரின்ட வாயாலயே எழுதி வைச்சா அது எனக்கு அரைவாசிப் பரிசோதனை, கும்புறுப்பிட்டியில முதல் கண்ட ஆக்கள் சொன்ன "சரிஞ்சு வட்டம் போடுது" எண்டதுதான் என்னை மண்டையைத் திறக்க வைச்சது. வெட்டுறது, துண்டு எடுக்கிறது உத்தியோகத்தர் அனுமதியோட வைத்தியர்தான் செய்யவேணும். கால்நடை அலுவலகங்களில வேலை செய்யிற என்ட சக வைத்தியர்மாரிட்ட நான் கேக்கிறது, மூடி இறுக்கமான வாளி ஒண்டில பத்து வீத போமலின், நல்ல கையுறை, மாஸ்க், கண்ணாடி, ஒரு வாள், பென்சிலால எழுதின சீட்டு, இவ்வளவும் வாகனத்தில இருக்கட்டும். பேனை மை போமலினில கரையும், பென்சில்தான்.

இந்தக் கேஸின்ட கட்டிகளில ரெண்டு தொகுதி செய்திருக்கு, ரெண்டும் வேற வேற இடத்தில இருக்கு. முடிவு வந்தா, நெகட்டிவ் எண்டாலும் சரி, எந்தக் கட்டியில என்ன சோதனை செய்தது எண்டதோட முழுசா எழுதுவன்.